கதவக்காவும் தானாகத் திறந்த மருந்து அறையும்

ஆஸ்பத்திரி, வங்கி, பெரிய அலுவலகம் என்று எங்கே தானியங்கிக் கதவு மக்கர் செய்தாலும் முதல் போன் போவது கதவக்காவுக்குத்தான். வயது நாற்பத்துமூன்று. இடுப்பில் ஸ்க்ரூடிரைவர் பை, காதோரம் ஒரு பென்சில், தோளில் மடக்கு ஏணி. அந்த ஏணியோடு அவள் வராந்தாவில் நடந்து வந்தால் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். பாதி மரியாதை, பாதி தலை தப்பட்டும் என்கிற பயம்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருடம் ஆயத்த ஆடை ஆலையில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தாள். ஆலையை மூடிவிட்டார்கள். கதவு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேரே போய் நின்றாள். அங்கிருந்த மேனேஜர், இரண்டு நாளாக மூடாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்த தங்கள் அலுவலகக் கதவையே காட்டி, "இது ஏன் மூட மாட்டேங்குதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். மோட்டாரைக் கழற்றி மேஜைமேல் பரப்பி வைத்திருந்தார்கள். கதவக்கா மோட்டாரைப் பார்க்கவே இல்லை. நிலைக்கு மேலே இருந்த சென்சாரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தொடைக்கிற துணி ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டாள். சென்சாரின் கண்ணில் சிலந்தி வலை கட்டியிருந்தது. யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துக் கதவு இரண்டு நாளாக மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கே வேலை கிடைத்தது.

அவள் கணவருக்குப் பூட்டு சாவிக் கடை. "நான் ஊரைப் பூட்டறேன், இவ தொறந்து விடறா" என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுவார். கையை ஆட்டினால் திறக்கிற கதவில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "சாவின்னா கையில கனக்கணும்" என்பது அவருடைய கட்சி. "உங்களுக்குப் பாக்கெட் கிழிஞ்சாத்தான் திருப்தி" என்பது அவளுடைய பதில்.

நரம்பு, எலும்பு சம்பந்தப்பட்ட நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துத் தேற்றி அனுப்புகிற ஆஸ்பத்திரி ஒன்றில், கதவக்கா இருபத்திரண்டு கையசைப்பு சுவிட்ச் பொருத்தியிருந்தாள். உள்ளங்கை அளவு சதுரம். எதிரே கையைக் காட்டினால் போதும், சுற்றியிருக்கிற நீல விளக்கு பச்சையாகும், கதவு திறக்கும். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. கையுறையில் கிருமி ஒட்டாது. "இத்தன வருஷமா முழங்கை, முதுகு, இடுப்புன்னு எல்லாத்தாலயும் கதவ முட்டிக்கிட்டுக் கிடந்தோம். இப்பத்தான் மனுஷங்க மாதிரி நடந்து போறோம்" என்று ஒரு நர்ஸ் சொன்னபோது அவளுக்கு வாயெல்லாம் பல்.

அந்தச் சந்தோஷம் நான்கு மாதம் நீடித்தது. ஒரு திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியின் பராமரிப்பு அதிகாரி போன் செய்தார். எப்போதும் அவசரத்தில் இருப்பவர், ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போதே அடுத்ததற்குப் போய்விடுவார்.

"மருந்து அறைக் கதவு தானாத் தெறக்குது. மூணு வாரமா. உள்ள யாரும் இல்ல. வெளியில யாரும் கார்டு காட்டல. தானா. மருந்து அறைம்மா அது! வெள்ளிக்கிழமை சோதனைக்கு ஆள் வர்றாங்க. அதுக்குள்ள சரியாகலன்னா இருபத்திரண்டையும் பிடுங்கிட்டுப் பழைய அமுக்கு பட்டனே வச்சிடுவேன்."

மருந்து அறைக்குள் நுழைய வேண்டுமென்றால் வெளியில் கார்டு காட்ட வேண்டும். வெளியே வருவதற்கு உள்சுவரில் கையசைப்பு சுவிட்ச் உண்டு. கதவு தானாகத் திறக்கிறது என்றால் அந்தச் சுவிட்ச்தான் எதையோ பார்த்துத் திறக்கச் சொல்கிறது. கதவக்கா திங்கட்கிழமையே போய்ச் சுவிட்சைக் கழற்றிப் புதிதாக ஒன்று மாட்டினாள். செவ்வாய்க்கிழமையும் திறந்தது. ஒயரை மாற்றினாள், மின்சாரம் தருகிற பெட்டியை மாற்றினாள். புதன்கிழமையும் திறந்தது.

வார்டைப் பெருக்கித் துடைக்கிற அம்மாவிடம் இதற்குத் தயாராக ஒரு விளக்கம் இருந்தது. துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னா சிரிப்பீங்க. இது ஆவி" என்றாள்.

"ஆவிக்கு எதுக்குங்க கதவு? சுவர் வழியாவே போயிடுமே?"

துடைப்பக்கார அம்மா சற்று யோசித்தாள். "பழக்க தோஷமா இருக்கும்."

புதன்கிழமை சாயங்காலம் கதவக்கா லேப்டாப்பைக் கதவின் கன்ட்ரோலரோடு இணைத்து உட்கார்ந்தாள். கதவு எப்போது, எதனால் திறந்தது என்று நிமிடக் கணக்காக அது குறித்து வைத்திருக்கும். மூன்று வாரத்துப் பதிவை எடுத்துப் பார்த்தாள். மர்மமாகத் திறந்ததெல்லாம் காலை பதினொன்றிலிருந்து பதினொன்றரைக்குள். அதற்குக்கூட வெயில், மின்சாரம் என்று ஏதாவது காரணம் சொல்லிவிடலாம். எண்ணிக்கைதான் அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. முதல் நாள் ஒரே ஒரு தடவை. அடுத்த நாள் இரண்டு. அப்புறம் நான்கு, நான்கு, ஐந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுமே இல்லை. கடைசி நாள் பதினாறு.

பழுது என்றால் ஒரேயடியாக மோசமாகும், அல்லது இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி வாலாட்டும். பதினெட்டு வருட மெக்கானிக் வாழ்க்கையில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி இப்படிப் படிப்படியாக முன்னேறி, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் எடுத்துக்கொள்கிற பழுதை அவள் பார்த்ததில்லை. இது மனித வேலை என்று அவளுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கே மருந்து அறைக்குள் ஒரு முக்காலியைப் போட்டுச் சுவிட்சைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். பதினொன்று ஐந்து. நீல விளக்கு அப்படியே இருந்தது. பதினொன்று எட்டு. விளக்கு பச்சையானது. அவளுக்குப் பின்னால் கதவு மெல்ல நகர்ந்து திறந்தது. வராந்தாவில் யாரும் இல்லை. கை மயிர் சிலிர்த்ததைக் கதவக்கா பிற்பாடு மறைக்கவில்லை. "ஒரு நிமிஷம் அந்தம்மா கட்சியில சேந்துட்டேன்" என்றே சொல்லுவாள்.

எழுந்து சுவரில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் சரக் சரக் என்று ஏதோ உரசும் சத்தம். அதோடு மூச்சு வாங்குகிற ஓர் ஆண் குரல். "ஏறுடா... ஏறு... ஏறு... தூங்குமூஞ்சி!"

சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். டொக் டொக் என்று பலகைச் சத்தம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். மற்ற இருபத்தொரு சுவிட்சும் செங்கல் சுவரில் இருந்தன. ஒரு பெரிய அறையைப் பலகை வைத்துத் தடுத்து, இந்தப் பக்கம் மருந்து அறையாகவும் அந்தப் பக்கம் சாமான் அறையாகவும் ஆக்கியிருந்தார்கள். இந்தச் சுவிட்ச் ரேடார் வகை. செங்கல்லுக்குப் பின்னால் நடப்பது அதற்குத் தெரியாது. பலகைக்குப் பின்னால் ஒரு கை அசைந்தால் தெரியும்.

சுற்றிக்கொண்டு போய்ச் சாமான் அறைக் கதவை மெல்லத் தள்ளினாள். மடக்கிய சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், உடைந்த கட்டில் ஒன்று. அவற்றுக்கு நடுவே, மடக்காத சக்கர நாற்காலி ஒன்றில், முதுகைக் காட்டியபடி ஒருவர் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை சுவரில் விரல்களால் ஊர்ந்து ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. நெற்றி உயரத்துக்கு வந்ததும் நடுங்கியது, நின்றது, பிறகு பொத்தென்று மடியில் விழுந்தது. சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு விரற்கடை மேலே.

"யாரது?" அவர் நாற்காலியைத் திருப்பினார். அந்த அதட்டலில் கதவக்கா தன்னை அறியாமலே இரண்டு கையையும் தூக்கிவிட்டாள்.

வார்டில் அவருக்கு டிராபிக் சார் என்று பெயர். முப்பத்திரண்டு வருடம் நாற்சந்தியில் நின்று வண்டிகளை நிறுத்தியவர். மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலை வேளையில், பணியில் இருந்தபோதே, தூக்கிய வலது கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. பக்கவாதம். பேச்சு தப்பித்தது, வலது கையும் காலும் படுத்துக்கொண்டன.

"பயிற்சிக் கூடம் அங்க இருக்கே சார், இங்க எதுக்கு ஒளிஞ்சு செய்றீங்க?" என்று கேட்டாள் கதவக்கா.

"அங்க அந்தப் பையன் டாக்டர் 'சூப்பர் தாத்தா, இன்னும் ஒண்ணே ஒண்ணு'ங்கறான். எனக்கு அம்பத்தாறு வயசு. தாத்தாவா நான்? சுத்தி இருபது பேர் கை தட்டறாங்க. இந்தக் கையைக் காட்டினா லாரி நிக்கும்மா. அத அரை அடி தூக்கினதுக்குக் கைதட்டலா?" மூச்சு வாங்கினார். "அவன் டீ குடிக்கப் போற நேரத்துல இங்க வந்துடுவேன். என் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது. அவ ஞாயித்துக்கிழமை வருவா, நாள் முழுக்க இருப்பா. கை சரியானதும்தான் அவகிட்ட காட்டணும். நீ யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா உங்க கை சொல்லிட்டிருக்கு."

"என்னது?"

"மூணு வாரமா பக்கத்து ரூம் கதவ நீங்கதான் தெறக்கறீங்க."

அவர் நம்பவில்லை. கதவக்கா வெளியே போய், துடைப்பக்கார அம்மாவை மருந்து அறை வாசலில் நிறுத்தி, "கதவு தெறந்தா ஒரு சத்தம் குடுங்க, காரணம் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். டிராபிக் சார் பல்லைக் கடித்துக்கொண்டு கையைச் சுவரில் ஏற்றினார். கடைசிக் கோட்டை விரல் தொட்டது.

"தெறந்துச்சு!" வராந்தாவிலிருந்து அலறல் வந்தது.

கையை இறக்கினார். மறுபடி ஏற்றினார்.

"ஐயோ, மறுபடி தெறந்துச்சு!"

டிராபிக் சாரின் முகத்தில் வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரிக்கும். அது போதாமல் தோள், வயிறு எல்லாம் குலுங்கின. "மெய்யாவா? இந்தக் கையா?" என்று கையையே பார்த்துக் கேட்டார். மூன்றாவது தடவை ஏற்றியபோது வராந்தாவில் துடைப்பம் விழுகிற சத்தமும் ஓடுகிற சத்தமும் கேட்டன.

ஓடிய அம்மா பராமரிப்பு அதிகாரியோடுதான் திரும்பி வந்தாள். அதற்குள் டிராபிக் சார் இடது கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வார்டுக்கு நழுவிவிட்டார். கதவக்கா மருந்து அறையில் நின்று விளக்கம் சொன்னாள்.

"பலகைச் சுவர் சார். இதுக்கு அந்தப் பக்கம் அசையறதும் தெரியுது. என் தப்புதான், மாட்டும்போதே தட்டிப் பாத்திருக்கணும். சுவிட்சுக்குப் பின்னாடி ஒரு அலுமினியத் தகடு வச்சா ரேடார் அதைத் தாண்டாது. ஒரு மணி நேர வேலை."

"அந்தப் பக்கம் சாமான்தானே இருக்கு? அங்க என்ன அசையுது?"

"சக்கர நாற்காலி சார். அதுல ஒண்ணு கொஞ்சம் அசையுது."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதிகாரிக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை, "சரி சரி, தகடு, வெள்ளிக்கிழமை, ஞாபகம்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். மதியத்துக்குள் தகடு ஏறியது. வெள்ளிக்கிழமை சோதனைக்கு வந்தவர்கள் மருந்து அறையில் அரை மணி நேரம் இருந்தார்கள். கதவு வாயைத் திறக்கவில்லை.

வேலை முடிந்தது, கிளம்ப வேண்டியதுதான். ஆனால் சனிக்கிழமை சரிபார்க்க வந்தவள் சாமான் அறையையும் எட்டிப் பார்த்தாள். டிராபிக் சார் சுவரைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், லீவா?"

"கதவு தெறக்குதுன்னு தெரியாதவரைக்கும் கோட்டைப் பாத்துக்கிட்டே ஏத்தினேன். தெரிஞ்சப்புறம் கோடு பிடிக்கல. இந்தக் கை ஒரு வேலை செஞ்சுதுன்னு கேட்ட காது, இப்ப வெறும் சரக் சரக்குன்னா ஏத்துக்க மாட்டேங்குது."

கதவக்காவுக்கு அந்த நியாயம் புரிந்தது. திங்கட்கிழமை கழற்றிய பழைய சுவிட்ச் அவள் பையிலேயே கிடந்தது. குற்றமே செய்யாமல் தண்டனை அனுபவித்த சுவிட்ச். மேனேஜருக்குப் போன் செய்து, அதைச் சில நாள் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினாள். வீட்டில் கணவரிடம் விஷயத்தைச் சொல்லி ஒரு மணி வேண்டுமென்று கேட்டாள். அவர் கடைக்குள் அரை மணி நேரம் குடைந்து, ஒரு வாசல் மணியை எடுத்து வந்தார். "இது நல்லா கணீர்னு இருக்கும். ஆனா ஒண்ணு, ரொம்ப சுளுவா அடிக்கிற மாதிரி வச்சுடாதே. கஷ்டப்பட்டுத் தெறந்தாத்தான் தெறந்த மாதிரி இருக்கும்" என்றார். பூட்டுக்காரர் புத்தி அது. அந்த ஒரு தடவை சரியாகவும் இருந்தது.

சுவிட்ச், மணி, பேட்டரி மூன்றையும் ஒரு மரப்பலகையில் பொருத்தி, சாமான் அறைச் சுவரில் கொக்கி போட்டு மாட்டினாள். உணர்கிற தூரத்தை ஒரு சாணாகக் குறைத்து வைத்தாள். "சார், இனிமே சுவர்ல சாய்க்கக் கூடாது. சுவரை விட்டுக் கையை அந்தரத்துல தூக்கிக் காட்டணும். தொட்டா கணக்கில்ல."

"தொடாமலா? அது ரொம்பக் கஷ்டம்மா."

"லாரியைத் தொட்டா நிறுத்தினீங்க?"

டிராபிக் சார் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

முதல் நான்கு நாள் மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ஐந்தாம் நாள் கதவக்காவின் போனுக்கு ஒரு அழைப்பு. யாரும் பேசவில்லை. 'டிங் டாங்' என்று மட்டும் கேட்டது, பிறகு ஒருவர் மூச்சு வாங்குகிற சத்தம், மறுபடி 'டிங் டாங்'. ஒரு வங்கி வாசலில் ஏணிமேல் நின்றிருந்தவள் அங்கேயே கத்திச் சிரித்ததில் காவல்காரர் ஓடி வந்துவிட்டார். அடுத்தடுத்த வாரங்களில் அந்தப் பக்கம் வேலை வரும்போதெல்லாம் பலகையை இரண்டு விரற்கடை மேலே ஏற்றி மாட்டிவிட்டுப் போனாள்.

ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வார்டின் பெரிய கண்ணாடிக் கதவுக்கு எண்ணெய் போட வேண்டுமென்று ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டு கதவக்கா ஏணியோடு வந்திருந்தாள். பார்வையாளர் நேரம் தொடங்கியது. கண்ணாடிக்கு வெளியே, தோளில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக டிராபிக் சாரின் மனைவி வந்து நின்று, நர்ஸ் யாராவது திறந்துவிடுவார்களா என்று எட்டிப் பார்த்தாள். குள்ளமான, சுறுசுறுப்பான அம்மா.

உள்ளே சுவரோரம் டிராபிக் சார் சக்கர நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சுவிட்சைப் பார்க்கவில்லை, மனைவியையே பார்த்தார். வலது கை மடியிலிருந்து கிளம்பியது. நடுங்கிக்கொண்டே மார்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, சுவிட்சுக்கு எதிரே வந்து நின்றது. நீலம் பச்சையானது. கதவு திறந்தது.

அந்த அம்மா ஓரடி எடுத்து வைத்தாள். டிராபிக் சார் அந்தக் கையை அப்படியே திருப்பி, உள்ளங்கையை அவள் பக்கம் காட்டினார். நில்!

அவள் நின்றாள். பைகளைப் பிடித்தபடி, வாய் பாதி திறந்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்த பார்வையாளர்கள் நான்கு பேரும், என்னவென்று தெரியாமலே நின்றார்கள். மூன்று விநாடி இருக்கும். பிறகு விரல்கள் மெல்ல மடங்கி, வா, போகலாம் என்று வழிவிட்டன. கை மடியில் விழுந்தது.

அவள் பைகளை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்து அந்தக் கையை எடுத்து இரண்டு கன்னத்திலும் வைத்துக்கொண்டாள். ஏணிமேல் இருந்த கதவக்கா எண்ணெய் போட வேண்டிய இடத்தை விட்டு வேறெங்கோ போட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கினால் குறி தப்பும்.

பிறகு அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "ஏங்க, முப்பத்திரண்டு வருஷமா ஊரையே நிறுத்தினீங்க. வீட்ல கொடியில ஒரு துணி காயப்போட இந்தக் கை ஏறினதே இல்ல. இனிமே பயிற்சின்னு சொல்லி எல்லாத் துணியும் உங்களுக்குத்தான்."

"பாத்தியா," டிராபிக் சார் ஏணியை நிமிர்ந்து பார்த்தார், "இதுக்குத்தான் சொல்லாம வச்சிருந்தேன்."

அதற்கப்புறம் இரகசியம் ஏது? பயிற்சி கொடுக்கிற அந்த இளம் டாக்டர் சாமான் அறைக்கு வந்து பலகையைப் பார்த்தார், கோடுகளைப் பார்த்தார், காது வரை சிவந்தார். டிராபிக் சாரிடம் தாத்தா என்று கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு கதவக்காவிடம், "இந்த மாதிரி இன்னும் ஆறு வேணும். உக்காந்தவங்களுக்கு, நின்னவங்களுக்கு, கால் தூக்கறவங்களுக்குன்னு வேற வேற உயரத்துல. செஞ்சு தருவீங்களா?" என்று கேட்டார்.

கம்பெனியின் விலைப்பட்டியலில் அப்படி ஒரு பொருளே கிடையாது. மேனேஜர் தலையைச் சொறிந்துவிட்டு, கதவே இல்லாத கதவு சுவிட்ச் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி மணி வைத்தாள். ஒன்று கணகணக்கும், ஒன்று கிளி மாதிரி கத்தும், ஒன்று ரயில் மாதிரி ஊதும். பயிற்சிக் கூடத்தில் இப்போது யாரும் கைதட்டுவதில்லை, தட்டினாலும் கேட்காது.

பராமரிப்பு அதிகாரி ஒரு நாள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொல்லப் பயிற்சிக் கூடத்துக்குப் போனார். அவரைத் தேடிக்கொண்டு துடைப்பக்கார அம்மா போனபோது, சாப்பாட்டு நேரம், கூடத்தில் ஆள் இல்லை. கால் தூக்குகிறவர்களுக்கு வைத்ததில் மேலே இருந்த சுவிட்சுக்கு நேராக ஒற்றைக் காலில் நின்று, மற்றொரு காலை அதிகாரி தூக்கிக்கொண்டிருந்தார். எட்டவில்லை. கழுத்து டையைத் தளர்த்தினார், பெஞ்சைப் பிடித்துக்கொண்டார், இன்னொரு முறை தூக்கினார். ரயில் ஊதியது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார், திரும்பிப் பார்த்து.

அவள் நேரே கதவக்காவுக்குத்தான் போன் போட்டாள்.